இரண்டு மணி நேரத் தூரம்

ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிஷம் என்று விமானி அறிவிக்கிறார், முதலில் ஜெர்மனில், அப்புறம் ஆங்கிலத்தில், எனக்கு ஏதோ சலுகை காட்டுகிற குரலில். யாரைக் கேட்டு இந்தக் கணக்கு. சக்கரம் பெர்லினில் தரையை விட்டு ஹெல்சிங்கியில் தரையைத் தொடுகிறவரைக்கும் வேண்டுமானால் அவ்வளவு இருக்கலாம். நான் கிளம்பியது சக்கரத்திலிருந்து இல்லை. இன்று விடியற்காலை நாலரை மணிக்கு, ஹெல்சிங்கியில், மூன்றாம் மாடி வீட்டில், தூக்கத்திலேயே பால் குடித்துக்கொண்டிருந்த என் பிள்ளை பரிதியின் வாயோரம் சுண்டுவிரலை நுழைத்து என்னை விடுவித்துக்கொண்டேனே, அங்கிருந்து கிளம்பினேன். நைட்டியைக் கழற்றிக் கட்டில்மேலேயே போட்டுவிட்டு வந்தேன், வலது பக்கம் பால் ஊறிக் காய்ந்து அட்டைபோல விறைத்த நைட்டி, துவைக்கப் போடக்கூட நேரமில்லை. திரும்பிப் போய் அந்தக் கட்டிலைத் தொடும்போது மாலை ஏழு மணி ஆகியிருக்கும். பதினாலரை மணி நேரம். ஆனால் யாரைக் கேட்டாலும் ரெண்டு மணி நேரம். தினா, என் கணவன், சொன்னான், பெர்லின்தானே அரசி, ரெண்டு மணி நேரம், தாம்பரத்துல பஸ் ஏறி திருவொற்றியூர்ல இறங்கற நேரம். இன்று பெர்லினில் என்னை இன்டர்வியூ எடுத்த அம்மாள் சொன்னாள், மாதத்துக்கு இரண்டு முறை நீங்கள் நேரில் வந்தால் போதும், இரண்டு மணி நேரம்தானே. என் அம்மாவிடம் நானே சொன்னேன், பக்கத்து ஊருதாம்மா, ரெண்டு மணி நேரம். அம்மா ஒட்டன்சத்திரத்திலிருந்து வீடியோவில் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டு கேட்டாள், பக்கத்து ஊருன்னா நடுவுல எதுக்குடி கடல் கிடக்குது.

நடுவில் கடல் கிடக்கிறது. இடது பக்கம் ஜன்னல், கீழே ஒன்றும் தெரியவில்லை, அழுக்குப் பஞ்சு மாதிரி மேகம். ஆயிரத்து நூறு கிலோமீட்டர் என்று நேற்று தேடிப் பார்த்து வைத்தேன், ஏறக்குறைய சென்னையிலிருந்து மும்பை. சிஸ்டர் கொன்சிலியா ஆறாம் வகுப்பில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டு எழுதுவார், தூரத்தை வேகத்தால் வகுத்தால் காலம். ஒரு ரயில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில். எப்போதும் ரயில்தான், ரயிலில் யார் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று சிஸ்டர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆயிரத்து நூறை எண்ணூறால் வகுத்தால் ஒரு மணி இருபத்திரண்டரை நிமிஷம். மிச்ச அரை மணி நேரம் எங்கே போயிற்று. ஓடுபாதையில் வரிசையில் நின்றதா, வட்டமடிக்கப் போகிறதா, யார் எடுத்துக்கொண்டார்கள் அந்த அரை மணி நேரத்தை. அது போதாதென்று இரண்டு ஊர்க் கடிகாரமும் ஒன்றில்லை. ஹெல்சிங்கி ஒரு மணி நேரம் முன்னால். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பி ஏழு ஐம்பத்தைந்துக்குப் பெர்லினில் இறங்கினேன், டிக்கெட்டைப் பார்த்தால் ஐம்பத்தைந்து நிமிஷப் பயணம். இப்போது இரண்டே முக்காலுக்குக் கிளம்பி ஐந்து நாற்பதுக்கு இறங்குவேன், டிக்கெட்டைப் பார்த்தால் மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் குறைவு. பிள்ளையை விட்டுப் போகிறவளுக்கு ஐம்பத்தைந்து நிமிஷம், பிள்ளையிடம் திரும்பி வருகிறவளுக்கு மூன்று மணி நேரம். நான் சொல்லவில்லை, டிக்கெட் சொல்கிறது. பரிதியின் வயிற்றுக்கு இந்தக் கடிகாரம் எதுவும் தெரியாது. அவன் வயிறு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அடிக்கிற கடிகாரம், அடித்தால் பக்கத்து வீட்டு ஃபின்லாந்துக் கிழவர் சுவரைத் தட்டுவார்.

விமானம் ஏறுவதற்கு முன்னால் தினா அனுப்பிய கடைசிச் செய்தி: பாட்டில் வேணாங்கறான். ஸ்பூன்ல ஏழெட்டு போச்சு, பாதியத் துப்பிட்டான். அழுது அழுது இப்ப தூங்கறான். நீ டென்ஷன் ஆகாத. டென்ஷன் ஆகாத என்று எழுதுகிறவனுக்கு நல்ல உதை கொடுக்க வேண்டும். அப்போது அங்கே மூன்றரை மணி. விடியற்காலை நாலரையிலிருந்து மூன்றரை, பதினோரு மணி நேரம், ஆறு மாதம் முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிற பிள்ளை, ஏழெட்டு ஸ்பூன். எட்டு வாரமாகப் பழக்கினோம். ஜெர்மன் பாட்டில், ஜப்பான் பாட்டில், காம்பு மாதிரியே இருக்கும் என்று சத்தியம் செய்து விற்ற இன்னொரு பாட்டில். எல்லாவற்றையும் அவன் முதலில் நாக்கால் தொட்டுப் பார்ப்பான், அப்புறம் என்னை ஒரு பார்வை பார்ப்பான், ஏமாற்றுகிறாயா என்று கேட்கிற மாதிரி. கஞ்சியாவது கொடுத்துத் தொலைக்கலாம் என்றால் அதுவும் முடியாது, முதல் சோறு பழநியில் வைத்துத்தான் என்று அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள், அடுத்த மாதம் டிக்கெட். இங்கே டாக்டரம்மா உருளைக்கிழங்கு மசித்துக் கொடுக்கச் சொன்னாள். முருகனுக்கு முன்னால உருளைக்கிழங்காடி, என்றாள் அம்மா. நான் பி.ஈ. படித்தவள். நானும் சரிம்மா என்றேன். சரி என்று சொல்கிறவரைக்கும் எல்லாம் சுலபமாக இருக்கிறது. இந்த மாதம் முழுக்க நான் எல்லோருக்கும் சரி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன், டாக்டருக்கு, அம்மாவுக்கு, தினாவுக்கு, பெர்லினுக்கு.

இடது மார்பு பால் கட்டிக் கல்லாகிவிட்டது. வலது இன்னும் கொஞ்சம் நேரத்தில் ஆகிவிடும். கோட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், குளிர்கிறதா என்று பணிப்பெண் கேட்டுப் போனாள். குளிரவில்லை, காய்ச்சல் வருகிற மாதிரி உள்ளே சுடுகிறது. இத்தனைக்கும் காரணம் ஒரு மூடி. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை பிளாஸ்டிக் மூடி. காலையில் அந்த அலுவலகத்துக் கழிப்பறையில் உட்கார்ந்து கைப் பம்பு வைத்துப் பிழிந்தேன், நூற்று நாற்பது மில்லி. மாலைவரை வைத்திருந்தால் கெட்டுவிடும், ஆனால் கை கழுவும் தொட்டியில் ஊற்ற மனசு வரவில்லை. அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள், தாய்ப்பாலைச் சாக்கடையில ஊத்தாத, கால் படற இடத்துல ஊத்தாத, எறும்பு மொய்க்க விடாத, வத்திப் போயிடும், செடி மூட்டுல ஊத்து. நல்லவேளை, வெளியே நடைவழியில் ஒரு பெரிய செடி இருந்தது, நிஜ மண், நிஜ இலை. ஊற்றிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு பையன் வந்து நின்றான், தாடி வைத்த பையன், கையில் காப்பி. செடிக்குத் தண்ணீரா, என்றான் ஆங்கிலத்தில். ஆமாம் என்றேன். நன்றி, இங்கே யாரும் அதைக் கவனிப்பதே இல்லை, என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு வந்த சிரிப்பில், அவசரத்தில், திரும்பப் போய்க் கை கழுவுகிற இடத்தில் மூடியை வைத்தேன். வைத்தேன், எடுக்கவில்லை. இன்டர்வியூ முடிந்து, ரயில் பிடித்து, பாதுகாப்புச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றிப் போட்டு, உள்ளே வந்து, விமான நிலையத்துக் கழிப்பறையில் கதவைத் தாழிட்டுப் பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. மூடியில்லாத பாட்டிலில் பிழிந்து என்ன செய்வது, கையில் விளக்கு மாதிரி ஏந்திக்கொண்டு விமானம் ஏறுவதா.

செடி தேடினேன். அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் தேடினேன். ஒரு சர்வதேச விமான நிலையத்தில், முப்பத்தொரு வயதுப் பெண், கையில் ஃபைல், காலில் பூட்ஸ், தொட்டிச்செடி தொட்டிச்செடியாகப் போய் இலையை நகத்தால் கீறிப் பார்த்தேன். கடிகாரக் கடை வாசலில் மூங்கில், பிளாஸ்டிக். காப்பிக் கடையில் பனை மாதிரி ஒன்று, பிளாஸ்டிக். வாயில் எண் பதினாறில் ஒன்று நிஜம் போலவே வாடியிருந்தது, கிட்டப் போனேன், வாடிய மாதிரி செய்யப்பட்ட பிளாஸ்டிக். திரும்பக் கழிப்பறைக்கு வந்து கை கழுவும் தொட்டி முன்னால் நின்றேன். வெள்ளைத் தொட்டி, பளபளவென்று. சிஸ்டர்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் மூடநம்பிக்கையை ஒழிப்போம் என்ற தலைப்பில் பேசி முதல் பரிசு வாங்கியவள் நான், பரிசு ஒரு சோப்பு டப்பா, மதர் சுப்பீரியர் கையால். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம், என்று நான் சொன்னதும் கைதட்டல். அந்த நான் இந்தத் தொட்டி முன்னால் ஏழு நிமிஷம் நின்றேன். ஊற்றினால் வற்றிப்போகும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஊற்றி, அதற்கப்புறம் வற்றிப்போனால். அவ்வளவுதான். அந்த ஆனாலில் போய் மாட்டிக்கொண்டு, பிழியாமல், கோட்டைப் போட்டு மூடிக்கொண்டு, வரிசையில் போய் நின்றேன்.

பணிப்பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து தண்ணீர் வேண்டுமா என்கிறாள். சின்ன பிளாஸ்டிக் பாட்டில், நீல மூடி. அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நீல மூடி. அங்கே அந்தக் காப்பிக் கடையில் இதே மாதிரி முப்பது பாட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று வாங்கி, தண்ணீரைக் குடித்துவிட்டு, பாலை அதில் ஊற்றி மூடியிருக்கலாம். சோதனை முடிந்து உள்ளே வந்தபிறகு யாரும் கேட்கப்போவதில்லை. செடியும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். பிளாஸ்டிக் இலையைக் கீறிப் பார்க்கத் தெரிந்தது, இது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது, பத்தாயிரம் மீட்டர் உயரத்தில், எனக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இரண்டு தடித்த மனிதர்கள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது. இப்போதுகூடப் போகலாம். எக்ஸ்க்யூஸ் மீ என்று சொல்லக் கான்வென்டில் பதினோரு வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்கிறேன். இருவரும் அசையவில்லை. இன்னொரு முறை சொல்ல வாயெடுக்கும்போது விமானம் ஒரு படி இறங்குகிறது, மாடிப்படியில் கடைசிப் படி இல்லாததுபோல, பெல்ட் விளக்கு டிங் என்று எரிகிறது, எல்லோரும் இருக்கையிலேயே இருக்கும்படி, இந்த மேகத்துக்கு இப்போதுதான் நேரம் கிடைத்ததா.

அருள் நிறைந்த மரியே வாழ்க. நாங்கள் பழநி முருகன் வீடு, ஆனால் பயம் வந்தால் எனக்கு இதுதான் வருகிறது, வெட்கமில்லாமல். விடுதியில் நேரத்தை ஜெபத்தால்தான் அளப்போம், சமையலறையில் சிஸ்டருக்கு முட்டை வேகவைக்க முப்பது அருள் நிறைந்த மரியே. குளியலறைக்கு ஒவ்வொருத்திக்கும் இருபது, இருபத்தொன்றாவது சொல்லும்போது கதவைத் தட்டுவார்கள். அப்படியே பழகி, பரிதிக்கு ஒரு பக்கத்துக்கு அறுபது, அப்புறம் தோளில் போட்டு ஏப்பம், அப்புறம் அந்தப் பக்கம் அறுபது. ஒன்றுக்குப் பன்னிரண்டு வினாடி. நிமிஷத்துக்கு ஐந்து. இன்னும் எண்பது நிமிஷம் இருந்தால் நானூறு. விரல் கணுவில் எண்ணுகிறேன், நாற்பதில் தவறிவிடுகிறது, மறுபடி ஒன்று. அவன் இந்நேரம் எழுந்திருப்பான். எழுந்து முதலில் தலையைத் திருப்பி என் பக்கம் பார்ப்பான், அங்கே இருக்க மாட்டேன். தினா பாட்டிலை எடுத்து வருவான். தினா நல்லவன், ஆனால் தூங்கினால் இடி விழுந்தாலும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை குக்கர் அடிப்பிடித்து வீடெல்லாம் புகை, அப்போதும் தூங்கினான். இப்போது சோபாவில் தூங்கியிருந்தால். பிள்ளை அழுது களைத்து, அழக்கூடத் தெம்பில்லாமல் போனால், அது தூங்குகிற மாதிரியேதான் இருக்கும். உடம்பில் நீர் வற்றி உச்சிக்குழி உள்ளே போயிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும், இதை அவனுக்குச் சொன்னேனா. உதடு காய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். உச்சிக்குழி சொல்லவில்லை. சொல்லவில்லை. ஃபோன் இருக்கிறது கையில், கட்டை மாதிரி, சிக்னல் ஒரு கோடுகூட இல்லாமல். இந்தக் காலத்திலும் இரண்டு மணி நேரம் யாருக்கும் எதுவும் சொல்ல முடியாத இடம் ஒன்று இருக்கிறது, அதற்குள் காசு கொடுத்து ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு மணி நேரம் எனக்குப் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். எனக்கு ஆறு வயது, அம்மா பால்வாடி டீச்சர், ஒட்டன்சத்திரத்தில் முப்பது பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருட்டிக் கொடுத்துவிட்டு என்னைத் திண்டுக்கல்லில் விடுதியில் சேர்த்தாள். இங்கிலீஷ் வரணும்டி உனக்கு, முப்பத்தஞ்சு கிலோமீட்டர்தான், பஸ்ஸுல ஒரு மணி நேரம், நெனைச்சா ஓடி வந்துடுவேன். நான் நினைக்காத நேரமே இல்லை. ஆனால் ஓடி வந்தது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான், வந்ததும் முதலில் சேலைத்தலைப்பால் என் முகத்தைத் துடைப்பாள், அழுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும். தலைப்பில் சத்துமாவு வாசனை, வேற வீட்டுப் பிள்ளைகளின் வாசனை. ஐந்து மணிக்கு மணி அடிக்கும். அதற்கு முன்பே, நாலே முக்காலுக்கே அம்மா கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடுவாள். அந்தச் சத்தம். இப்போதும் யாராவது பக்கத்தில் ஜிப்பை இழுத்தால் நான் மணி பார்க்கிறேன். ஒரு முறை கேட்டேன், ஒரு மணி நேரம்தான்னு சொன்னியே, அப்ப ஏன் தினமும் வரல. அம்மா என் பின்னலைப் பிரித்துத் திரும்பப் பின்னினாள், இறுக்கமாக, கண் மேலே இழுக்கிற அளவுக்கு. எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. அதில்தான் இன்று காலை பேசினேன்.

நன்றாகப் பேசினேன் என்பதுதான் எரிச்சல். கேவலமாகப் பேசியிருந்தால் இந்நேரம் அழுதுவிட்டு முடித்திருக்கலாம். அந்தக் கம்பெனி செய்வதே இதுதான், ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று ஃபோனில் காட்டுகிற செயலி. பஸ், ரயில், விமானம் எல்லாம் சேர்த்து. அதைச் சோதித்துப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. உல்ரிக்கே என்று பெயர் சொன்ன அந்த அம்மாள், நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியவள், கேட்டாள், ஜனங்கள் எங்கள் செயலி பொய் சொல்கிறது என்கிறார்கள், நேரத்தைக் குறைத்துக் காட்டுகிறதாம், என்ன காரணம் இருக்கும். நான் சொன்னேன், நீங்கள் வண்டி ஓடுகிற நேரத்தை எண்ணுகிறீர்கள், கதவு நேரத்தை எண்ணுவதில்லை. கதவு நேரமா. ஆமாம், ஒருவர் வீட்டுக் கதவில் நின்று, திரும்பி உள்ளே போய், மறுபடி வெளியே வருகிற நேரம். பிள்ளை இருந்தால் அதற்கு இருபது நிமிஷம் போட வேண்டும். அந்த அம்மாள் சிரித்தாள், எழுதிக்கொண்டாள், பக்கத்திலிருந்தவனைப் பார்த்துத் தலையசைத்தாள். கடைசியில் கை குலுக்கி, எங்களுக்கு நீங்கள் வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம், மாதத்துக்கு இரண்டு முறை மட்டும் இங்கே, திங்கட்கிழமை பதில் சொல்லுங்கள், உங்களுக்கு என்ன, ஹெல்சிங்கி இரண்டு மணி நேரம்தானே. அப்போதுதான் கதவு நேரம் என்று எழுதிக்கொண்டாள், அந்த மை காயவில்லை. நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆமாம், இரண்டு மணி நேரம்தான், என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே. பரிதி குடித்திருந்தால் இந்த வேலையை நான் ஏற்க முடியும். குடிக்கவில்லையென்றால் இல்லை. இவ்வளவு சின்ன வாயில் கொண்டுபோய் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.

இறங்கத் தொடங்கிவிட்டோம் என்கிறார் விமானி. காது அடைக்கிறது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கீழே விளக்குகள், பனி, கறுப்பாகக் கடல், மறுபடி அதே விளக்குகள், அதே வளைவுச் சாலை, வட்டமடிக்கிறார்கள். சிஸ்டர், இதோ உங்கள் அரை மணி நேரம். ஓடுபாதையில் பனி அள்ளுகிறார்களாம், பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்கிறார். பத்து நிமிஷம், ஐம்பது அருள் நிறைந்த மரியே, எனக்குப் பதினேழிலேயே மறந்துபோகிறது. ஓரத்தில் இருக்கும் மனிதர் விழித்து, என்னைப் பார்த்து, இன்னும் வரவில்லையா என்கிறார். இல்லை என்கிறேன். இரண்டு மணி நேரம்தானே, என்கிறார், கொட்டாவியோடு. அவரை அடிக்காமல் இருந்ததற்கு எனக்கு இன்னொரு சோப்பு டப்பா கொடுக்கலாம். சக்கரம் தரையில் மோதுகிறது. எல்லா ஃபோன்களும் ஒரே நேரத்தில் உயிர் பெற்று டிங் டிங் என்கின்றன, என்னுடையது மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சின்ன வட்டம், அதுவும் வட்டமடிக்கிறது. பிறகு வருகிறது. நான்கு இருபது: எழுந்துட்டான். நான்கு முப்பத்தைந்து: அரசி எனக்கு பயமா இருக்கு, இறங்கினதும் கூப்பிடு. ஐந்து மணி வரை ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் என் விரல் நிற்கிறது, கீழே தள்ளத் துணியாமல். தள்ளுகிறேன். ஐந்து ஐந்து: ஒரு படம். கட்டிலில் சம்மணம் போட்டு தினா, ஐந்தடி பத்தங்குல ஆள், மீசை, மூக்குக்கண்ணாடி, என் நைட்டியில். திண்டுக்கல் பஜாரில் வாங்கிய, கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் பூப் போட்ட நைட்டி, தோள்பட்டையில் தையல் விட்டிருக்கிறது, வலது பக்கம் காய்ந்த பால் கறை. அந்தக் கறையின்மேல் கன்னத்தை வைத்து பரிதி, வாயில் பாட்டில், ஒரு கையால் நைட்டியின் ஜிப்பைப் பிடித்திருக்கிறான், எப்போதும் பிடிக்கிற மாதிரி. கீழே: நூத்திப்பத்து மில்லி. சிரிக்காத. யாருக்கும் அனுப்பாத.

சிரிக்கவில்லை. முதலில் வந்தது கோபம், சத்தியமாக. இவ்வளவுதானா. ஒரு நைட்டிதானா. எட்டு வாரம், மூன்று நாட்டுப் பாட்டில், பதினோரு மணி நேரம், எனக்குப் பதிலாக நூற்றைம்பது ரூபாய் நைட்டி போதுமாக இருந்ததா. அப்போதே, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பக்கமும் ஊசி குத்துகிற மாதிரி இறங்கி, பால் வந்துவிட்டது, கோட்டுக்குள்ளே, சட்டை நனைந்து, வயிற்றுவரைக்கும் வெதுவெதுவென்று, நிறுத்த முடியாமல். பக்கத்து மனிதர் மேலே பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். ஜிப்பை இழுத்தார். நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு எல்லோரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது ஏழு இருபது. தினா இன்னும் நைட்டியில்தான் இருந்தான், உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று. ஆறேமுக்காலுக்கு இன்னொரு தொண்ணூறு குடிச்சான், இப்பத்தான் தூங்கினான். கழட்டவா, என்றான். வேண்டாம், எழுந்துடுவான், என்றேன். சிரிப்பு வந்துடுச்சா, என்றான். பார்க்கறேன், என்றேன். குனிந்து உச்சிக்குழியைத் தொட்டேன், சமமாக இருந்தது, மெதுவாகத் துடித்துக்கொண்டு. வாயோரம் பால். தினா ஊட்டிய பால், நான் பிழிந்து வைத்துப் போன பால். எழுப்பிவிடலாம் என்று இருந்தது, உதட்டை ஒரு விரலால் தடவினால் போதும், தூக்கத்திலேயே தேடுவான். தடவவில்லை. வயிறு நிறைந்த பிள்ளையை எதற்காக எழுப்புவது, யாருக்காக. குளியலறையில் உட்கார்ந்து பிழிந்தேன், இருநூற்றறுபது மில்லி, அதில் இரண்டு சொட்டு ரத்தமும் கலந்திருந்தது. ஃப்ரீசரில் வைக்க முடியாது. கோட்டைப் போட்டுக்கொண்டு, மூடியில்லாத பாட்டிலைக் கையால் பொத்திக்கொண்டு கீழே இறங்கினேன். முற்றத்தில் ஒரே ஒரு மரம், வெள்ளைப் பட்டை, இலை ஒன்றுமில்லை, அடியில் முழங்கால் அளவு பனி.

அம்மா ஃபோனில் வந்தாள். அங்கே பதினொன்றரை, தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். புள்ள குடிச்சானா. குடிச்சான், நல்லாவே குடிச்சான். எப்பிடிடி. அவரு குடுத்தாரும்மா. அம்மாவிடம் நைட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. வேலை கிடைச்சுதா. கிடைச்சுது, மாசத்துக்கு ரெண்டு தடவ போகணும். நான் பாட்டிலைச் சாய்த்தேன். வெள்ளைமேல் வெள்ளை, விழுந்த இடம்கூடத் தெரியவில்லை, சின்னதாக ஒரு குழி மட்டும் உள்ளே போயிற்று, அதிலிருந்து ஆவி. போக வர எவ்வளவு நேரமாகும்டி, என்றாள் அம்மா. ரெண்டு மணி நேரம்தாம்மா, என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஆமாண்டி, என்றாள், அப்பிடித்தான் சொல்லணும். நான் குனிந்து அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். அடியில் இன்னும் சூடு இருந்தது.